கண்டன்சரில் மிச்சமிருந்தது

காவலாள் மொக்கையன் கொட்டகையில் கரண்ட் என்ஜினை நிறுத்திவிட்டான். அறையில் விளக்கும் அணைந்துவிட்டது. ஆனால் மேசைமேல் இருந்த ரேடியோவின் இரைச்சல் மட்டும் அடங்கவில்லை.

வீரையா பிளக்கைப் பிடுங்கினான். பழைய பெட்டி, வால்வு ஆறக் கொஞ்ச நேரமெடுக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். போடிமெட்டுக்குக் கீழே ஓர் ஏலத்தோட்டத்துப் பங்களா அது. மத்தியானம் மூன்று மணிதான். என்றாலும் மழைமூட்டம் ஜன்னல் கம்பிவரை வந்து அப்பியிருக்க, உள்ளே ஏலக்காய் உலர்த்தும் புகையும், ஈர மரத்தின் வாடையும், இரண்டுக்கும் அடியில் மூன்று வாரமாக அவன் மூக்கை விட்டுப் போகாத அந்தக் கருகல் நாற்றமும் நின்றன.

இதே மேசையில்தான் காசிராஜன் செத்தான். போடியில் வீரையாவின் ரேடியோக் கடைக்குக் கூட்டாளி. தங்கை சந்திரவல்லியின் புருஷன்.

பெட்டி இப்படி இரைந்தால் கண்டன்சர் கெட்டிருக்கும். கரண்டைத் தேக்கிவைக்கும் அலுமினியக் குப்பி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளை அடிக்கும். அதனால் கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவன் திருப்புளியை அதன் இரண்டு முனையிலும் சேர்த்து வைத்து, தேங்கியதை இறக்கிவிட்டு, "எறக்கியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அப்புறம்தான் மற்றவன் கைவைப்பான். அன்றைக்குக் கடைசி பஸ்சுக்கு நேரமாகிவிட்டதென்று வீரையா இறக்காமலே சொன்னான். பாவி, ஒரே ஒரு வார்த்தை.

சந்திரவல்லியிடம் விதி என்று சொல்லிவைத்தான். அவளும் நம்பினாள். அவனுக்கென்று மிஞ்சிய உறவு அவள் ஒருத்திதான். உண்மை தெரிந்தால் அவன் முகத்தில் விழிப்பாளா?

விட்ட வேலையை முடிக்கச் சொல்லித் தோட்டத்து முதலாளி ஆள்மேல் ஆள் அனுப்பியதால் இன்று வந்தான். புருஷன் உயிர் போன இடத்தில் சூடம் கொளுத்தவேண்டுமென்று அவளும் கூடவே வந்து, வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, நான் உள்ள வரட்டா?"

"இருத்தா. சோலிய வெரசா முடிச்சுட்டுக் கூப்பிடுறேன்."

திருப்புளியை வைத்தான். படீரென்று நீலப் பொறி. சரி, இறங்கிவிட்டது. எதற்கும் இன்னொரு தரம் வைத்தான். படீர். இறக்கிய பிறகும் கொஞ்சம் ஊறும், அது அவனுக்குத் தெரியும். ஆனால் இரண்டாவது பொறி முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது. மூன்றாவது திருப்புளியின் நுனியையே தின்றது. அட கடவுளே. குறடால் கம்பிகளை நறுக்கிக் கண்டன்சரைத் தனியே எடுத்து மேசையில் வைத்தான். இப்போது அது எதிலும் சேராத வெறும் குப்பி.

இரைச்சல் நிற்கவில்லை.

மெல்ல மாறியது. மூச்சானது. பிறகு இருமியது.

காசிராஜனின் இருமல்.

"மச்சான்... எறக்கிட்டீகளா?"

வாசலில் நிழல். சந்திரவல்லி.

"அண்ணே... அவுக குரலுல்ல? என்னத்தக் கேக்குறாக?"

சொல்லிவிடலாம். அன்றைக்கு நான் இறக்கவில்லை, நான்தான் கொன்றேன். நாக்குவரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். பயந்துபோனான்.

"எறக்கிட்டேன் மாப்ளே. அன்னைக்கும் எறக்கிட்டுத்தான் சொன்னேன்."

இரைச்சல் நின்றது. மழைச் சத்தம்கூட இல்லை.

"அப்பச் சரி மச்சான். தொடுங்க."

மணிக்கட்டில் ஒரு பிடி. சில்லென்று. இழுத்தான். வரவில்லை.

"விடுத்தா! கைய விடு!"

சந்திரவல்லி வாசலை விட்டு நகரவே இல்லை. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மடங்கிய அவன் விரல்கள் ஒவ்வொன்றாக விரிக்கப்பட்டன. பொறுமையாக. கண்டன்சரின் முனைகளை நோக்கி.