பொன்னுக்கு வீங்கியும் இரட்டை வடச் சங்கிலியும்

1973 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. காலை 9.20.

கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் ஆசாரி, நிறம் மங்கிக் கிடந்த சங்கிலியை உரைகல்லில் தேய்த்து ஒரு சொட்டு திராவகம் விட்டார். கோடு பச்சையாக நுரைத்துக் கரைந்தது.

“கவரிங்மா. டிசம்பர்ல கொக்கி மாத்தக் கொண்டாந்தீங்களே, அது சொக்கத் தங்கம். இது அது இல்ல.”

மரகதவல்லி சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நடந்தாள். தொழிற்பேட்டை டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுப்பவள் அவள். எதையும் இரண்டு முறை அளக்காமல் கொடுத்ததில்லை. ஆறு பவுன் இரட்டை வடம். அவள் அம்மா கண்ணை மூடுவதற்கு முன் கழற்றிக் கொடுத்தது.

11.05.

விஷயத்தைக் கேட்ட கையோடு அவள் கணவர் சப்-இன்ஸ்பெக்டர் லோகநாதனையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

“டிசம்பருக்கு அப்புறம் சங்கிலி யார் யார் கழுத்துல இருந்துச்சு?”

“ரெண்டே பேர்,” என்றாள் மரகதவல்லி.

ஜனவரியில் அவர்கள் குடியிருந்த லைன் வீடுகள் முழுக்கப் பொன்னுக்கு வீங்கி. தாடை புடைத்தவர் கழுத்தில் தங்கம் போட்டால் வீக்கம் வடியும் என்பார்கள். மருந்து கலக்கிற அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்பவும் மனமில்லை. பாத்திரம் தேய்க்கும் எல்லம்மாவின் மகளுக்கு நான்காம் தேதி கொடுத்து எட்டாம் தேதி வாங்கி வைத்தாள். பதினைந்தாம் தேதி, உடம்பு சரியில்லாத அப்பாவைப் பார்க்கத் திருவாலங்காடு போனாள். இருபத்தேழில் திரும்பியபோது, தனக்கும் கண்டு ஒன்பது நாள் சங்கிலியைப் போட்டுக்கொண்டு கிடந்ததாகக் கணவர் சொன்னார்.

“என் ஆத்து நகையை நானே திருடுவேனா? இவதான் சார்,” என்றார் கணவர்.

பின்கட்டு வாசலில் நின்ற எல்லம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “இன்னா சாமி இப்டி சொல்றே. கவரிங் செய்யணும்னா அதுக்கே டப்பு வேணுமே, அது எங்க கீது எங்கிட்ட?”

“ஜீப்புல ஏறு. மிச்சக் கதைய ஸ்டேஷன்ல சொல்லலாம்,” என்றார் லோகநாதன்.

“நான் வரேன் சார்,” என்றாள் எல்லம்மா. “ஆனா ஆத்தாக்காரி திருடின்னு ஆயிட்டா எம்பொண்ண எவன் கட்டுவான்?”

“ஒரு நிமிஷம் சார்,” என்றாள் மரகதவல்லி. “எல்லம்மா, ஐயா படுத்திருந்தப்போ சாப்பாட்டுக்கு என்ன பண்ணினார்?”

“ஓட்டல்லேர்ந்து நான்தாம்மா வாங்கியாருவேன். தாடையில துண்ட சுத்திகினு குந்திகினு இருப்பாரு. எலுமிச்சங்கா ஊறுகா இல்லன்னா ஒரே பேஜாரு. எம்பொண்ணு அஞ்சு நாளு கஞ்சிகூட முழுங்க முடியாம அழுதிச்சு. ஆம்பளைக்குத் தெம்பு ஜாஸ்தி போல.”

லோகநாதன் சிரித்தார். மரகதவல்லி சிரிக்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள்.

11.30.

மாமியார் செங்கமலவல்லி அடுப்பங்கரையில் இருந்தாள். முதல் நாள்தான் திருவள்ளூரிலிருந்து வந்திருந்தாள். கையில் புதுத் தாம்பாளம், புதுப் புடவை. யாருக்கென்று சொல்லவில்லை.

“அம்மா, போன மாசம் இவருக்குப் பொன்னுக்கு வீங்கியாம். தெரியுமோ?”

“மறுபடியுமா? பாவம்டி. எஸ்.எஸ்.எல்.சி. எழுதற வயசுல பட்டதே போறும். இருபது நாள் படுக்கை. தாடை வடிஞ்சு தொடையிடுக்குல இறங்கி, நடக்கவே முடியலை. அவன் அப்பா மெட்ராஸ் டாக்டர் வரைக்கும் அழைச்சுண்டு போனார்.”

மரகதவல்லி கூடத்துக்குத் திரும்பினாள்.

11.45.

“எல்லம்மாவை விட்டுடுங்கோ சார்,” என்றாள். “இது கண்டவாளுக்குப் புளிப்பு நாக்கில பட்டாலே தாடை பிடுங்கி எடுக்கும். இவர் தினம் எலுமிச்சங்காய் கேட்டிருக்கார். அதுகூடப் போகட்டும். ஒரு தடவை கண்ட உடம்பை இந்த நோய் மறுபடி தொடறது ரொம்ப அபூர்வம். இவருக்குச் சின்ன வயசுலயே வந்தாச்சு, அம்மா இப்பதான் சொன்னா. துண்டுக்குள்ள வீக்கமே இல்லை. அதே மாதிரி கவரிங் தயாராகற வரைக்கும் சங்கிலி கையில இருக்க ஒரு சாக்கு வேணும். நானும் ஊர்ல இல்லை.”

பின்னாலேயே வந்த மாமியார் மகனைப் பார்த்தாள். “கவரைப்பேட்டைப் பொண்ணுக்கு நிச்சயத்தன்னிக்குப் போட்டது இவ சங்கிலியாடா? புதுசா பண்ணினேன்னியே.”

“எந்தப் பொண்ணு?” என்றாள் மரகதவல்லி.

மாமியார் வேறெங்கோ பார்த்தாள். “கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷமாச்சு. வம்சம் வேண்டாமா? உன்னையும் ஒண்ணும் தள்ளிடப் போறதில்லை.”

பன்னிரண்டு வருஷம். எத்தனை விரதம், எத்தனை பிரதட்சணம், தனக்கென்று தானே கலந்து குடித்த எத்தனை கசப்பு மருந்து. அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

“அந்த வயசுல இது கீழே இறங்கினா சில பேருக்குக் குழந்தை பிறக்காமப் போகும். மெட்ராஸ் டாக்டர் உங்களுக்கு என்ன சொன்னார்?”

அவர் தரையைப் பார்த்தார். “பிறக்காதுன்னுதான். அப்பா... அம்மாகிட்டகூடச் சொல்லாதேன்னுட்டார்.”

செங்கமலவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“மரகதம், போலீஸ் முன்னாடி வேண்டாம். நாளைக்கே சங்கிலியை வாங்கிண்டு வந்துடறேன்.”

லோகநாதன் பேனாவின் மூடியைக் கழற்றினார். “குடும்ப விஷயம்னா நான் கிளம்பறேன்மா. புகார்னா பேர் சொல்லணும். யார் மேல எழுதட்டும்?”

தாலி ஏறிய நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாய் சொன்னதில்லை. ரேஷன் கார்டுக்காரன் கேட்டபோதுகூடக் காகிதத்தில் எழுதித்தான் காட்டினாள்.

“யதிராஜன்,” என்றாள். “எழுதிக்கோங்கோ.”