ஏழாவது குழி

நிறம் மாறவே கூடாத குழிதான் மஞ்சளாகியிருந்தது.

அடையாறு ஆய்வகத்துக்கு வெளியே காலையிலிருந்தே மழை. உள்ளே பிரிடின் என்ற ரசாயனத்தின் கெட்டுப்போன மீன் வாடையும், கரைப்பானை வற்றவைக்கும் இயந்திரத்தின் ஓயாத முனகலும், சைஃபின் மேசைமேல் சின்னஞ்சிறு குழிகள் வரிசைகட்டிய பிளாஸ்டிக் தட்டும்.

எட்டு மாதத்துக்கு முன்பு மூளைக்காய்ச்சல் அவன் மனைவி ஆஃப்ரீனை இரண்டே நாளில் கொண்டுபோனது. அந்தக் கிருமியின் மேலுறை ஒரு சர்க்கரைச் சங்கிலி. அதன் நான்கு கண்ணிகளை, கிருமியைத் தொடாமலே, குடுவையில் ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதத்தில் ஒட்டியிருந்தான். தடுப்பூசிக்கான போலி உறை. கிருமியை முன்பே சந்தித்த ரத்தம் பட்டால்தான் குழி மஞ்சளாகும். சந்திக்காத ரத்தத்துக்கு ஒப்புநோக்க, அங்கிருந்த வழக்கப்படி, அவனும் உடன் வேலைபார்க்கும் லாவண்யாவும் தங்கள் ரத்தத்தையே எடுத்து வைத்திருந்தார்கள்.

ஆறாவது குழி லாவண்யாவுடையது. தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. ஏழாவது அவனுடையது.

"மாத்தி ஊத்தியிருப்பீங்க சைஃப். தூங்காத மூஞ்சிக்கு ஆறும் ஏழும் ஒண்ணாத்தான் தெரியும்" என்று லாவண்யா கேலி செய்தாள்.

மறுபடி செய்தான். மாலைக்குள் மூன்று தட்டு. மூன்றிலும் ஏழாவது மஞ்சள். அமிலம் ஊற்றினால் நிறம் அதோடு நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. அவன் பார்க்கப் பார்க்கப் பழுத்துக்கொண்டே போனது.

லாவண்யா கேலியை விட்டாள். சிலர் தொண்டையில் அந்தக் கிருமி சும்மா குடியிருக்குமாம். அவர்களை ஒன்றும் செய்யாதாம். அவர்களோடு இருப்பவர்களைத்தான், என்றவள் முடிக்கவில்லை. அது இருவருக்கும் தெரிந்த பாடம்.

"வீட்ல பாப்பா இருக்கால்ல?"

மூன்று வயது வஜீஹா. அவன் தட்டிலிருந்து எடுத்து ஊட்டினால்தான் சாப்பிடுவாள்.

மயிலாப்பூர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான். ஆய்வகத்திலிருந்தே மாட்டிவந்த முகக்கவசத்துக்குள் தன் மூச்சு வெதுவெதுப்பாக, இனிப்பாக மணந்தது. அல்லது அப்படித் தோன்றியது. ஆஃப்ரீனின் தங்கை சாய்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"மத்தியானத்துலேர்ந்து உடம்பு சுடுது மச்சான். அத்தா அத்தான்னு உங்களத்தான் கேட்டுக்கினு கீது."

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தான். குழந்தையை நீயே வைத்துக்கொள் என்றான். ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்த சாய்மா கேட்க, இருக்கையின் ஓரத்துக்கு ஒதுங்கினான்.

லஸ் சிக்னல். மழை. சிவப்பு விளக்கில் தொண்ணூறு நொடி.

வஜீஹா தாவினாள். தடுக்கக் கை வரவில்லை. மடியில் ஏறி முகக்கவசத்தைப் பிடித்து இழுத்தாள். நாடா அறுந்தது.

மூச்சை அடக்கினான்.

எண்பது. எழுபது. முகத்தைத் திருப்பினான். சுடும் இரண்டு கைகள் அதை மெல்லத் திருப்பின.

ஐம்பது.

அவள் அழவில்லை. அவன் உதட்டோடு உதடு படுமளவுக்கு வந்து, வாயை அகலத் திறந்துவைத்துக்கொண்டு, இமைக்காமல், அவன் மூச்சு விடக் காத்திருந்தாள்.