வலது தோள் இறங்கிய கோட்டு

"வக்கீலம்மாவுக்குக் காபி போச்சாடி?"

கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தபோது பெரியவளின் இடுப்பில் சின்னவளின் குழந்தை இருந்தது, கையில் கரண்டி இருந்தது, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

"போகும் அத்தை... எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?"

"பரீட்சை எழுதி முடிச்ச பிள்ளை... களைச்சுப்போயிருக்கும். முதல் காபி அவளுக்குக் குடு."

முதல் காபி! இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்த நாளிலிருந்து அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கடைசிக் காபிதான். பாத்திரத்தின் அடியில் தங்கியது, ஆறிப்போனது. அதைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் இந்த இரண்டு வருஷமாக, அந்த 'வக்கீலம்மா' என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் அடிவயிற்றில் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுப்பது போலிருந்தது.

சின்னவள் ஆஸ்பத்திரி ஆபீசில் வேலை பார்ப்பவள். ஊழியர்களைச் சேர்ப்பது, லீவு, புகார், ஒப்பந்தம் என்று அவள் மேஜைக்கு வராத வம்பு இல்லை. "சட்டம் தெரியாம இந்த வேலையைப் பார்க்க முடியல அத்தை. சாயங்கால வகுப்பு இருக்கு, ரெண்டு வருஷம் மேல்படிப்பு" என்று கேட்டாள். சட்டம் என்ற சொல்லைக் கேட்டதுதான் தாமதம்! மாமியாரின் கண்ணுக்குக் கறுப்புக் கோட்டு தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

வாசல் அறையின் ஜன்னலோரம் சின்னவளுக்கு மேஜை வந்தது. இரண்டு தையல் மெஷின்களும் ஒரு மூலைக்கு நகர்ந்தன. ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக்குப் பெரியவளின் புருஷனே ஆணி அடித்துக் கொடுத்தார். அவர் தையற்காரர். பள்ளிக்கூடச் சீருடைகளை வெட்டுவது அவர், தைப்பது அவள். மூட்டை கட்டித் தோளில் சுமந்துபோய்ப் பள்ளிக்கூடங்களில் இறக்குவதும் அவள்தான். அவருக்கு இடுப்பு வலி.

விடிந்ததும் சின்னவள் சத்தமாகப் படிப்பாள். அடுப்படிக்குக் கேட்கும். "வற்புறுத்தி வாங்கின சம்மதம் சம்மதமே ஆகாது..." அதைக் கேட்ட அன்று பெரியவள் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள். ஒருத்தி படிக்கும்போது வீடே பூனைநடை நடக்கிறதே! தனக்காக இந்த வீட்டில் ஒரு கதவாவது மெதுவாகச் சாத்தப்பட்டிருக்குமா? அன்றிலிருந்து சின்னவள் படிக்க உட்கார்ந்தால் அடுப்படியில் பாத்திரம் தானாக உருளும். ஒருநாள் மேஜையைத் துடைக்கப் போனவள், புத்தகத்தில் கோடு போடும் மஞ்சள் பேனாவை எடுத்து வந்து பட்டன் டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். வீடெல்லாம் தேடினாள் சின்னவள். "பாத்தீங்களாக்கா?" என்று இவளிடமே கேட்டாள். "நான் என்னத்தைக் கண்டேன்?" என்று சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காமல் கிடந்தாள்.

பொறாமைப்படுகிறவளுக்கும் வலிக்கத்தான் செய்கிறது. அதை யாரிடம் சொல்வது?

பரீட்சை முடிந்ததும் மாமியார் கறுப்புத் துணி வாங்கி வந்தார். "பெரியவளே... உன் கையால தை. கோட்டுப் போட்டு இவளை ஒரு போட்டோ புடிச்சு வாசல் அறையில மாட்டணும்."

வீட்டு ஆட்களுக்குத் தைக்கும்போது பெரியவள் டேப்பைத் தொடுவதில்லை. கண்ணளவுதான். எதிரில் ஒரு தடவை நிற்கவைத்துப் பார்த்தால் போதும், கத்தரிக்கோல் தானாகப் போகும். கட்டினவரே அவளிடம் தோற்றுப்போன வித்தை அது. கோட்டை வெட்டியபோது அவள் சின்னவளைக் கூப்பிடக்கூட இல்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். வெட்டினாள், தைத்தாள். அந்த நாட்களில் பாத்திரம் உருளவில்லை. மெஷின் மட்டும் ஓடியது. பட்டன் வைப்பதுதான் பாக்கி.

இன்றைக்குப் போட்டோ.

காபியைக் குடித்துவிட்டுச் சின்னவள் கூடத்தில் வந்து நின்றாள். முகத்தில் பரீட்சை முடிந்த சந்தோஷத்தைக் காணோம். என்னமோ தப்புப் பண்ணி மாட்டிக்கொண்டவள் மாதிரி கையைப் பிசைந்தாள்.

"அத்தை... இந்தப் போட்டோ இப்ப அவசியமா?"

"வாயை மூடு. அக்கா ராப்பகலா தச்சிருக்கா. போடு!"

போட்டாள்.

கோட்டு அவள் மேல் நிற்கவே இல்லை. கை நீளம் விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. மார்பில் இன்னொரு ஆள் நுழையலாம். இடது தோள் தூக்கிக்கொண்டு நிற்க, வலது தோள் சரிந்து விழுந்தது. யாரோ பெரிய ஆளின் கோட்டைக் களவாடிக்கொண்டு ஓடிவந்த பிள்ளை மாதிரி நின்றாள்.

மாமியாரின் முகம் கறுத்தது.

"ஏண்டி... என்னடி இது?"

பெரியவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. தான் தைத்ததா இது?

"கண்ணளவுல ஒரு விரக்கடை தப்பாதவ நீ! ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் பாத்துப் பாத்துத் தைக்கிறவ, வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் எப்படிடி தப்புச்சு? வேணும்னே பண்ணியிருக்கே! வயித்தெரிச்சல்... அவ படிச்சு மேல போறது உனக்குப் பொறுக்கல!"

"அத்தை, விடுங்க... ஒரு கோட்டுதானே..." என்றாள் சின்னவள்.

"நீ சும்மா இரு! உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ புத்தகத்தைத் தொட்டா இவ பாத்திரத்தைப் போட்டு உடைப்பா. எனக்குக் காது இல்லைன்னு நினைச்சாளா?"

பெரியவள் குழந்தையைப் பாயில் இறக்கிவிட்டாள். நிமிர்ந்தாள். இத்தனை வருஷம் இந்தக் கூடத்தில் அவள் குரல் உயர்ந்ததில்லை.

"ஆமா! பொறாமைதான்! எனக்கு எரியுது அத்தை... நெசமா எரியுது! இவளுக்கு மேஜை வந்தப்ப எரிஞ்சுது. நாற்காலிக்கு ஆணி அடிச்சப்ப எரிஞ்சுது. எனக்கு சட்டக் காலேஜுல இடம் கிடைச்சிருந்துச்சே, மறந்துட்டீங்களா? படிக்க வைக்கிறோம்னு சொல்லித்தானே பொண்ணு கேட்டு வந்தீங்க! மாமா படுத்த படுக்கையானாரு. ஒருத்தர்தான் படிக்க முடியும்னீங்க. 'அவரு தம்பி படிக்கட்டும்'னு சொன்னது யாரு? நானு! இந்த வாயாலதான் சொன்னேன்! அடுத்த வருஷம் நீ போலாம்னீங்க... அந்த அடுத்த வருஷம் எங்க அத்தை? இன்னும் வரலையே!"

மாமியார் சுவரைப் பார்த்தார்.

சின்னவளின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா... அவரு படிச்சது... உங்க இடத்துலயா? என்கிட்ட யாருமே சொல்லலையேக்கா!"

"சொல்லி என்ன ஆகப்போகுது? ஆனா ஒண்ணு. கோட்டை நான் வேணும்னே கெடுக்கல. எப்படி இப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியல... என்னை நம்பினா நம்புங்க, இல்லாட்டி விடுங்க. நான் கொஞ்ச நாள் எங்க அண்ணன் வீட்டுல போய் இருக்கேன்."

அவள் உள்ளே திரும்பினாள். அப்போதுதான் மூலையிலிருந்து செருமல் கேட்டது. தையற்காரர். இந்த வீட்டில் மெஷின் பேசும், அவர் பேச மாட்டார். எழுந்து வந்து சின்னவளின் மேலிருந்து கோட்டை வாங்கினார். உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டுத் தையலை விரலால் தடவிக்கொண்டே போனார். வலது தோளில் வந்து விரல் நின்றது.

"இது கெட்டுப்போன கோட்டு இல்ல" என்றார்.

"பின்ன என்னடா?"

"அளவு பிசகாத கோட்டும்மா. ஆளுதான் வேற. வலது தோளை அரை விரக்கடை இறக்கி வெட்டியிருக்கு பாரு. மூட்டை சுமந்து சுமந்து வலது தோள் இறங்கிப்போனவ... இந்த வீட்டுல ஒருத்திதானே இருக்கா?"



சின்னவள்தான் முதலில் அசைந்தாள். கோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி, அக்காவின் பின்னால் போய் விரித்துப் பிடித்தாள்.

"வேண்டாம்டி... விடு..."

"போடுங்கக்கா. எனக்காக."

கை உள்ளே போனது. தோள் உட்கார்ந்தது. கழுத்து அமர்ந்தது. எங்கும் ஒரு சுருக்கம் இல்லை. அந்தக் கைகள் யாருக்கு வெட்டுகிறோம் என்று எஜமானியைக் கேட்காமலே வெட்டியிருந்தன. பெரியவள் குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தை" என்றாள் சின்னவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும் ஒண்ணு சொல்லணும். இந்தக் கோட்டு எனக்கு ஆகவே ஆகாது. அளவு சரியா இருந்திருந்தாலும் ஆகாது. நான் படிச்சது வக்கீல் படிப்பு இல்ல."

"என்னது?"

"வக்கீல் இல்லாதவங்களுக்குன்னே இருக்கற சட்டப் படிப்பு அத்தை. ஆபீஸ், ஆஸ்பத்திரின்னு வேலை பாக்கறவங்க, சட்டம் தெரிஞ்சுக்கிட்டு அவங்கவங்க வேலையை ஒழுங்கா பாக்கறதுக்கு. கோர்ட்டுல ஏறி வாதாட முடியாது. கோட்டும் கிடையாது."

மாமியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி! மருந்துக்கடைக்காரன் வாடகைத் தகராறை உன்கிட்டதான் குடுப்பேன்னு காத்துக்கிட்டிருக்கானேடி!"

"நீங்க தெரு பூரா சொல்லிட்டீங்க... உண்மையைச் சொன்னா படிப்பை நிறுத்திடுவீங்கன்னு பயந்துட்டேன். உங்க பிள்ளையும் 'அம்மா சந்தோஷமா இருக்கட்டும், விடு'ன்னாரு." அவள் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். "அக்கா, இதுல சேர வக்கீலா இருக்க வேண்டாம். ஏதாவது ஒரு பட்டம் இருந்தா போதும். உங்ககிட்ட இருக்கே! வயசெல்லாம் கேக்க மாட்டாங்க. என் வகுப்புலயே தலை நரைச்சவங்க இருந்தாங்க."

"பைத்தியமா உனக்கு?" பெரியவள் கண்ணைத் துடைத்தாள். "சட்டம் படிச்சு நான் யாருக்குத் தீர்ப்புச் சொல்லப் போறேன்? பள்ளிக்கூடத்துக்காரங்க சொன்ன நாளைக்குத் துணியை எடுக்கறதில்ல, கேட்டா ஒப்பந்தத்தைக் காட்டறாங்க..." பாதியில் நிறுத்தினாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

"அதுக்குத்தான்க்கா அந்தப் படிப்பு!"

"சாயங்காலம் பிள்ளையை யாரு பாப்பா? அடுப்பை யாரு பாப்பா?"

சின்னவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாமியார் எழுந்தார். மெஷினுக்குப் பக்கத்தில் போய்ப் பட்டன் டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். கறுப்புப் பட்டன்களுக்கு நடுவில் மஞ்சளாக ஒன்று கிடந்தது.

"இது என்னடி?"

பெரியவளுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. சின்னவள் எட்டிப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"இதையா நான் ஒரு மாசமா தேடினேன்!" அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "கட்டிலுக்கு அடியில கூடப் படுத்துத் தேடினேனேக்கா!"

"என்னை மன்னிச்சுடும்மா..."

"மன்னிப்பெல்லாம் வேண்டாம். இந்தாங்க." பேனாவை எடுத்துக் கோட்டின் பையில் செருகினாள். "நீங்களே வச்சுக்கங்க. உங்களுக்கு நிறைய கோடு போடணும்."

பெரியவள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பாயில் கிடந்த குழந்தை இருவர் காலையும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது.

மாமியார் டப்பாவோடு கீழே உட்கார்ந்திருந்தார். கண் மங்கிய பிறகு அவர் ஊசியைத் தொட்டதே இல்லை. இப்போது ஒவ்வொரு பட்டனாக விரலால் தடவி, ஒரே மாதிரியானவற்றைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அடுப்பை நான் பாத்துக்கறேன்" என்றார், தலை நிமிராமல். "அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு சொன்ன வாய் இது... கோட்டைக் கழட்டிக் குடு. பட்டன் நான் தைக்கிறேன்."

"கோட்டே வேண்டாத படிப்புக்குப் பட்டன் எதுக்கு அத்தை?"

"படிப்புக்கு வேண்டாம்னா போகட்டும். உனக்கு வேணும். சின்னவளே... போய் அக்காவுக்கு ஒரு காபி போடு. சூடா போடு." ஊசியையும் நூலையும் பெரியவளிடம் நீட்டினார். "இந்தா... இதை மட்டும் கோத்துக் குடுடி. எனக்குக் கண்ணு தெரியல."

பெரியவள் ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அவளுக்கும்தான் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நூல் நுனியை நாக்கில் ஈரப்படுத்தி, மறுபடி கோத்தாள்.