எடுத்துட்டேன் என்று சொன்னவன்

வந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், சன்னல் வரை போய்த் திரும்பி மறுபடி உட்கார்ந்தாள். கைப்பையின் வாரை அவள் முறுக்கிய முறுக்கில் அது கயிறாகவே ஆகிவிட்டிருந்தது. ஆமை அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். துப்பறிவாளருக்கு அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியவன் அவருடைய மனைவியின் தம்பி. அவருக்கு உதவியாளனும் அவன்தான். அக்காள் புருஷனைக் கேலி செய்வது மச்சினனின் பிறப்புரிமை என்பதால் அவர் அதைப் பொறுத்துக்கொண்டு, பதிலுக்கு அவனைத் தத்துக்கிளி என்று அழைத்துவந்தார்.

"என் வீட்டுக்காரர் என் தம்பியத் திருடன்னு சொல்லிட்டார். சாயங்காலம் போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாராம்," என்றாள் அவள். "அவர் குடுத்தார்னா அந்த வீட்டுல எனக்கு இடம் இல்ல. அவர் வெளிய போன்னு சொல்ல மாட்டார். என்னால இருக்க முடியாது."

தத்துக்கிளி அதற்குள் சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு வாசலில் நின்றான். "எங்க போறேன்னு தெரியாமலே கிளம்பிட்டியா?" என்று கேட்டு அவனை உட்கார வைத்தார் ஆமை.

அவள் கணவர் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறார். நோயாளிகள் தங்கள் முடிவுகளைக் கூடத்தின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தளம் ஓடும் சர்வர் கணினியைக் கவனிப்பது அவள் தம்பி. சில வாரங்களாகச் சிலருடைய முடிவுகள் அவர்கள் பார்க்கும் முன்பே வெளியே போய்க்கொண்டிருந்தன. வேலைக்குச் சேரவிருந்த ஒரு பெண்ணின் நோய் அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் அவள் முதலாளிக்குத் தெரிந்து, அந்த வேலையே போய்விட்டது. வெளியிலிருந்து வந்து ஆராய்ந்த நிபுணர், யாரோ கூடத்தின் பக்கத்தைப் போலவே ஒரு போலிப் பக்கம் வைத்திருக்கிறார்கள், அதில் கூடத்தின் பழைய பாதுகாப்புச் சான்றிதழே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய சாவியைத் திருடாமல் அது நடக்காது என்பதும் அவர் சொன்னதுதான்.

"சான்றிதழுக்குச் சாவி எதற்கு?" என்று ஆமை கேட்டதும் தத்துக்கிளிக்கு வாய் துறுதுறுத்தது. சான்றிதழ் என்பது ஊரறிந்த முத்திரை, அதை யாரும் பார்க்கலாம் என்று அவன் விளக்கினான். அதற்கு ஜோடியாக ஒரு ரகசியச் சாவி உண்டு. சாவி என்றால் இரும்பு அல்ல, ஒரு சின்ன ஃபைல். அது சர்வரை விட்டு வெளியே போகக்கூடாது. அது கிடைத்தவன் எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் "நான்தான் அந்தக் கூடம்" என்று சொல்ல வைக்கலாம். நோயாளியின் போனும் அதை நம்பிப் பூட்டுக் குறியைக் காட்டிவிடும்.

"உங்க தம்பி மேல ஏன் சந்தேகம்?"

"புதுச் சான்றிதழ் போட்ட அன்னைக்கு, 'பழைய சாவிய எடுத்துட்டேன்'னு அவனே ஆபீஸ் முழுக்கக் கேக்குற மாதிரி சொன்னானாம். அதான் வாக்குமூலம்ங்கிறார்."

ஆமை அந்த வார்த்தையைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடினார்.

கூடத்தில் எல்லோரும் நிலைகொள்ளாமல் இருந்தார்கள். காத்திருப்போர் அறையில் நோயாளிகள் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். வரவேற்பாளர் ஒலிக்காத தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துவிட்டுக் கீழே வைத்தாள். அந்த அம்மாளின் கணவரான முதலாளி தன் அறைக்கும் படிக்கட்டுக்கும் நடையாய் நடந்தார். மேலாளர் மட்டும் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க அமைதியாக வந்து வரவேற்றார். கட்டடத்தில் உள்ள எல்லாப் பூட்டும் தன் பொறுப்பு என்று பெருமையாகச் சொன்னார்.

"கம்ப்யூட்டர்ன்னா எனக்குக் காத தூரம் சார். தட்டச்சு கூட ஒத்தை விரல்தான்," என்றார் அவர். "ஆனா அந்தப் பையன் சொன்னத நானே காதால கேட்டேன். கேட்ட உடனே முதலாளிகிட்டச் சொல்லி வெச்சேன், இவன் சாவிய காப்பி எடுத்துட்டான், பாத்துக்கங்கன்னு. அவர்தான் மச்சினன்னு விட்டுட்டார்."

காலையிலிருந்து ஒன்றும் குடிக்காத தத்துக்கிளி, காப்பி என்ற சொல்லைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். யாரும் எதுவும் கொண்டுவராததால் முகம் வாடினான். ஆமைக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அந்தச் சொல்லை அவரும் விடவில்லை.

வரவேற்பாளர் தயங்கித் தயங்கித்தான் பேசினாள். அன்று சத்தம் கேட்டதும் அவள் முதலில் சுவரில் இருந்த சாவிப் பலகையைப் பார்த்திருக்கிறாள். எல்லாம் இருந்தன. உடனே மேலாளரிடம், உங்கள் கொத்தில் ஏதாவது குறைகிறதா என்று கேட்டாள். கொத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "அதெல்லாம் இருக்கும், நீ போம்மா" என்று அனுப்பிவிட்டாராம்.

தம்பி சர்வர் அறையில் இருந்தான். கணினியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். முன்பு வேலை பார்த்தவர் பழைய சாவியை எல்லோரும் திறக்கக்கூடிய பொது ஃபோல்டரில் போட்டுவிட்டுப் போயிருந்தார் என்றும், புதிதாகச் சாவியும் சான்றிதழும் போடும்போதுதான் அது தன் கண்ணில் பட்டது என்றும் சொன்னான். பதறிப்போய் அதை அங்கிருந்து நீக்கிவிட்டு, எடுத்துட்டேன் என்று கத்தியிருக்கிறான்.

"பழைய சான்றிதழ ரத்து பண்ணச் சொல்லி அத குடுத்தவங்களுக்கு எழுதியிருக்கணும்," என்றான். "கொஞ்ச நாள்ல தானா காலாவதி ஆயிடும்னு விட்டுட்டேன். அந்தத் தப்பு என்னோடது. அந்தப் பொண்ணுக்கு வேலை போனதுல எனக்கும் பங்கு இருக்கு. ஆனா நான் திருடல சார்."

இதற்குள் தத்துக்கிளி காத்திருப்போர் அறையிலும் தொலைபேசியிலும் நோயாளிகளைத் துளைத்தெடுத்துவிட்டு ஓடிவந்தான். வீட்டிலிருந்து முடிவைப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாட்டிக்கொண்ட அத்தனை பேரும் கூடத்திலேயே உட்கார்ந்து, முடிவு வந்துவிட்டதா என்று கூடத்தின் வைஃபையில் பார்த்தவர்கள். வைஃபை பெட்டி எங்கே என்று ஆமை கேட்டார். காத்திருப்போர் அறையின் சுவர் அலமாரிக்குள் என்றான் தம்பி. அதைத் திறக்கத் தான்கூட மேலாளரிடம்தான் சாவி கேட்க வேண்டும் என்றும், கொஞ்ச காலமாகக் கேட்டாலும் கிடைப்பதில்லை என்றும் முணுமுணுத்தான்.

எல்லோரையும் முதலாளியின் அறைக்குக் கூப்பிட்டார் ஆமை. உட்காரச் சொன்னதும் தத்துக்கிளியைத் தவிர எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"எடுத்துட்டேன்னா என்ன அர்த்தம்?" என்று முதலாளியைக் கேட்டார். "கடையில சட்டை எடுத்துட்டேன்னா வாங்கிட்டேன்னு அர்த்தம். சட்டையில ஒட்டுன முள்ள எடுத்துட்டேன்னா நீக்கிட்டேன்னு அர்த்தம். திருடப் போறவன் ஆபீஸ் முழுக்கக் கேக்குற மாதிரி சொல்லிட்டுத் திருடுவானா?"

முதலாளி நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அத விடுங்க. சாவிய எடுத்துட்டேன்னு ஒரு குரல் கேட்டா, கம்ப்யூட்டர் தெரியாத ஆளு என்ன செய்வாங்க? இந்த வரவேற்பாளர் அம்மா செஞ்சததான் செய்வாங்க. பலகையப் பாப்பாங்க. மேலாளர் ஐயா இடுப்புல இத்தனை சாவியக் கட்டிக்கிட்டு நடக்கறவர். ஒரு சாவிய யாரோ எடுத்துட்டான்னு காதுல விழுந்தா அவர் கை முதல்ல எங்க போகணும்? இவங்க கேட்டும்கூட கொத்தத் தொடல. ஏன்னா அது இரும்புச் சாவி இல்லன்னு அவருக்கு அப்பவே தெரியும்."

மேலாளர் சிரிக்க முயன்றார். ஆமை நிறுத்தவில்லை.

"இரும்புச் சாவியா நினைச்சிருந்தா, கள்ளச்சாவி போட்டுட்டான்னு சொல்லியிருப்பார். டூப்ளிகேட்டுன்னாவது சொல்லியிருப்பார். சாவிய யாருங்க காப்பி எடுப்பாங்க? ஃபைலத்தான் காப்பி எடுப்பாங்க. அந்தப் பையன் நீக்கறதுக்கு முன்னாடியே பொது ஃபோல்டர்ல இருந்து காப்பி எடுத்த ஆளுக்குத்தான் அந்த வார்த்தை வாயில வரும்."

"ஒரு வார்த்தைய வெச்சா என்னைத் திருடன்ங்கிறீங்க?" என்றார் மேலாளர்.

"நீங்க அந்தப் பையன ஒரு வார்த்தைய வெச்சுத்தானே மாட்டிவிட்டீங்க? நான் வார்த்தையோட நிக்கல. வைஃபை அலமாரியத் திறங்க."

மேலாளர் கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தார். தன் பூட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு திறப்பவருக்கு அன்று எந்தச் சாவியும் சேரவில்லை. கடைசியில் தத்துக்கிளி கொத்தைப் பிடுங்கித் திறந்தான். வைஃபை பெட்டிக்குப் பின்னால், உள்ளங்கை அளவில் இன்னொரு பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தது. வைஃபையில் வருகிறவர்களைப் போலிப் பக்கத்துக்குத் திருப்பி அவர்களுடைய கடவுச்சொல்லைப் பிடித்துவைப்பது அதுதான்; முடிவு வந்ததும் அதை வைத்து வேறொருவன் முதலில் பார்த்துவிடுவான். கம்பெனிகளுக்கு வேலையாள் பிடித்துக் கொடுக்கும் ஒரு தரகன், வேலைக்கு வருகிறவர்களின் உடல்நிலையை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டானாம். பெட்டி அவனுடையது. சாவியை எடுத்துக்கொடுத்ததும் பெட்டிக்கு இடம் கொடுத்ததும் தான் என்பதை மேலாளர் தரையைப் பார்த்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

மேலாளரைக் காவலர்கள் அழைத்துப் போன பிறகு முதலாளி சர்வர் அறைக்குள் வந்தார். தம்பி பழைய சான்றிதழை ரத்து செய்யும்படி எழுதி அனுப்பி, ரத்தாகிவிட்டது என்ற பதில் வரும்வரை திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பிறகு எழுந்தான்.

"தப்பு பண்ணிட்டேன் மாப்பிள்ளை," என்றார் முதலாளி. "மனசுல வெச்சுக்காத. நாளைக்கு வழக்கம்போல வா."

"என்ன சொன்னேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா. பக்கத்து அறையிலதானே இருந்தேன்." அவன் குரல் உயரவே இல்லை. "அக்காவுக்குத் தம்பியா எப்பக் கூப்பிட்டாலும் வருவேன். இந்த நாற்காலிக்கு வேற ஆளப் பாத்துக்கங்க."

அவன் படிக்கட்டை நோக்கிப் போனான். ஆமையும் தத்துக்கிளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்களும் ஓர் அக்காள் புருஷனும் மச்சினனும்தானே.

முதலாளியின் போன் அடித்தது. அவர் மனைவி. எடுத்தவுடன், எல்லாம் சரியாகிவிட்டது, அவன் திருடவில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னார். அவள் அதற்குச் சந்தோஷப்படவில்லை.

"அது எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள். "அவன் உங்க கூட வர்றானா?"

கீழே வாசல் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஊழியர்கள் முன்னால் ஒருநாளும் வேகமாக நடந்துகூட அறியாத மனிதர், போனைக் காதிலிருந்து எடுக்காமலே, மச்சினனின் பின்னால் படிகளில் இறங்கி ஓடினார்.