குழி பத்தலை, சார்!

எங்கள் தெருவில் என் அம்மாவுக்குப் பெயர் "பாட்டில் அக்கா". அப்படியென்றால் எனக்கு என்ன பெயர் இருக்கும்? சரிதான். "குட்டி பாட்டில்".

அம்மா வீட்டிலேயே துணி தைப்பவள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாரியில் மற்றவர்கள் நூல்கண்டு வைப்பார்கள். என் அம்மா பாட்டில் வைத்திருக்கிறாள். ஒன்றில் கால்வாய்த் தண்ணீர். இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீர். மற்றொன்றில், பெயிண்ட் கம்பெனியின் பின்பக்கக் குழாயிலிருந்து ஒழுகும் ஏதோ ஓர் ஊதாக் கண்றாவி. தெரியாமல் யாரும் எடுத்துக் குடித்துவிடக் கூடாது என்று எல்லாவற்றின் கழுத்திலும் சிவப்புத் துணி கட்டியிருக்கும்.

இவற்றைப் பையில் போட்டுக்கொண்டு அம்மா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவாள்.

"சார், இதைச் சோதிச்சுப் பாருங்க."

"வச்சிட்டுப் போங்கம்மா, பாக்கலாம்."

அடுத்த முறை போனால், அதே பாட்டிலைக் கழுவி அதில் மணி பிளான்ட் வளர்த்துக்கொண்டிருப்பார்கள். சிவப்புத் துணியைக்கூட அவிழ்த்திருக்க மாட்டார்கள். அழகாக இருக்கிறதாம்!

சரி, அது கால்வாய். இப்போது அந்தப் பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் என் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்கள்.

எங்கள் விளையாட்டு மைதானம் ஒரு பெரிய பள்ளம். மழை பெய்தால் குளம். "நாங்க இலவசமா மண் கொட்டி மேடாக்கித் தர்றோம்" என்று பெயிண்ட் கம்பெனி சொன்னது. தலைமையாசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. அவரை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். லீவு நாட்களில் லாரி லாரியாக வந்து கொட்டினார்கள். லீவு முடிந்து போனால், மேலே சிவப்பாக, பளபளவென்று மண். நடுவில் ஒரு போர்டு. 'எங்கள் அன்பளிப்பு' என்று கொட்டை எழுத்தில்.

முதல் மழை பெய்தது. மண்ணிலிருந்து ஒரு நெடி கிளம்பியது. மூக்கைப் பிடித்தாலும் தொண்டையில் கசந்தது.

என் தோழி தட்டான் அன்று வெறுங்காலோடு ஓடினாள். தட்டான் மாதிரி பறப்பதால்தான் அவளுக்கு அந்தப் பெயர். சாயங்காலம் அவள் குதிகால் இரண்டும் கொப்பளித்துவிட்டன. மருந்து போட்டும் ஆறவில்லை. ஒருநாள்கூடச் சும்மா உட்காராதவள், இப்போது விளையாட்டு நேரத்தில் வகுப்பு வாசலில் உட்கார்ந்து மற்றவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செருப்புக் கடியா இருக்கும்" என்றார் பெரிய டீச்சர்.

"டீச்சர், நான் செருப்பே போடலையே" என்றாள் தட்டான்.

அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து சண்டை போட்டாள். "கீழ கம்பெனிக் கழிவு இருக்கு டீச்சர். பிள்ளைங்களை அதுல விடாதீங்க."

"எது நல்லது நடந்தாலும் உங்களுக்குப் பொறுக்காதா?" என்றார் பெரிய டீச்சர். அதோடு விடவில்லை. அம்மாவை உள்ளே விட வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டார்.

அம்மா விடுவாளா? நடையாய் நடந்து ஒரு சுற்றுச்சூழல் அதிகாரியை வரவழைத்தாள். அவர் வராந்தாவைவிட்டு இறங்கவே இல்லை. அங்கிருந்தே எட்டிப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் கம்பெனி மேனேஜர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"மண்ணு நல்லாத்தானே இருக்கு. என்ன குறைச்சல்?" என்றார் அதிகாரி.

கேட்டுக்கு வெளியே இருந்து அம்மா கத்தினாள். "மேல இருக்கறது வேஷம் சார்! தோண்டிப் பாருங்க!"

"பாக்கத்தாம்மா எனக்கு ஆர்டர். தோண்டறதுக்குத் தனி ஆர்டர் வேணும்."

பார்த்தாராம்! டீ குடித்தார். சட்டையில் விழுந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டார். போய்விட்டார்.

அன்று வீட்டில் அம்மா கோபத்தில் ஒரு சட்டைக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள். பிறகு உட்கார்ந்து பிரித்தாள். நான் நூலைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் காலைக் கூட்டத்தில் பெரிய டீச்சர் அறிவித்தார். "நாளைக்கு நம்ம மைதானத்துல மரம் நடு விழா! கம்பெனியே கன்னு தர்றாங்க. அதிகாரி ஐயாதான் சிறப்பு விருந்தினர்!"

எனக்குக் கோபத்தில் காது சுட்டது. விஷத்தையும் கொட்டிவிட்டு, அதன்மேல் மரம் நட்டு, கைத்தட்டலும் வாங்கிக்கொள்வார்களா? என்ன நெஞ்சழுத்தம்!

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மரம் நட வேண்டுமென்றால் குழி தோண்ட வேண்டுமே!

வீட்டுக்கு ஓடினேன். "அம்மா, நாளைக்கு ஸ்கூல் கேட்டு பக்கத்துல வந்து நில்லு. பையோட வா."

"எதுக்குடி?"

"வாயேன்!"

மறுநாள் மைதானத்தில் பந்தல், மைக், போட்டோக்காரர் என்று ஒரே அமர்க்களம். குழிகளை மட்டும் கம்பெனி ஆட்களே தோண்டி வைத்திருந்தார்கள். குழியா அது? ஒரு சாண்கூட இல்லை. தோசைக்கல் அளவுக்குச் சுரண்டி வைத்திருந்தார்கள். கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் தோண்டிய குழி அப்படித்தான் இருக்கும்.

எனக்குக் கிடைத்த கன்று என் இடுப்பு உயரம். அதன் வேரைச் சுற்றியிருந்த மண்ணுருண்டையோ தண்ணீர்க் குடம் அளவு. அதைக் குழியில் வைத்தேன். முக்காலியில் ஏறி நிற்பதுபோல் நின்றது. கையை எடுத்தேன். சாய்ந்து என் தோளிலேயே விழுந்தது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

அதிகாரி பச்சை வாளியோடு என்னிடம் வந்தார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

"சார், குழி பத்தலை சார்" என்றேன். "இப்படியே விட்டா கன்னு செத்துப் போயிடும். பாவம் சார்."

"போதும் போதும், போட்டோ எடுத்தாச்சு" என்று மேனேஜர் குறுக்கே வந்தார்.

நான் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொஞ்சம் ஆழமாத் தோண்டட்டுமா சார்?" என்று மைக்குக்கே கேட்கும்படி கேட்டேன்.

கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. அதிகாரி என் தலையைத் தடவிக் கொடுத்தார். "நல்ல பொண்ணு! தோண்டும்மா, தோண்டு."

"எல்லாருமே தோண்டலாமா சார்?"

"தாராளமா!"

அவ்வளவுதான். "சார் தோண்டச் சொல்லிட்டாரு!" என்று நொண்டிக்கொண்டே கத்தினாள் தட்டான். அன்று ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தாள். தோட்டத்துக்கு வைத்திருந்த மண்வெட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கினோம். மேனேஜர் ஒவ்வொரு குழியாக ஓடினார். "வேண்டாம்மா... போதும்ப்பா... டேய், கால்ல பட்டுடும்டா!" ஒருவரைத் தடுத்தால் மூன்று பேர் தோண்டினார்கள்.

சிவப்பு மண் சீக்கிரம் தீர்ந்துபோனது. என் மண்வெட்டி சதக்கென்று எதிலோ இறங்கியது. இழுத்தேன். பச்சையும் சாம்பலும் கலந்த கூழ். அதோடு கிழிந்த சாக்கு ஒன்றும் வந்தது. அந்த நெடி குப்பென்று கிளம்பியது. அதிகாரி வாளியைப் போட்டுவிட்டுக் கைக்குட்டையால் மூக்கை மூடினார். மைக்கைப் பிடித்திருந்த பெரிய டீச்சர், எல்லாருக்கும் கேட்கும்படி "ஐயோ!" என்றார்.

"கையால தொடாதீங்க! எல்லாரும் தள்ளி நில்லுங்க!" கேட்டிலிருந்து அம்மாவின் குரல்.

"அது... அடியில இருந்த பழைய மண்ணு சார்" என்றார் மேனேஜர்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "பழைய மண்ணுக்குள்ள உங்க கம்பெனிச் சாக்கு எப்படி சார் வந்துச்சு? நடந்து வந்துச்சா?"

சாக்கில் இருந்த கம்பெனி முத்திரையும் போர்டில் இருந்த முத்திரையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

பெரிய டீச்சர் தட்டானைப் பார்த்தார். அவள் ஷூவுக்கு மேலே தெரிந்த மருந்துக் கட்டைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "எல்லாரும் வகுப்புக்குப் போங்க. கை காலை நல்லா சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்றார்.

நாங்கள் வராந்தாவரைதான் போனோம். அதற்குமேல் யார் போவார்கள்?

அதிகாரி தொண்டையைச் செருமினார். இத்தனை பேர் பார்க்கிறார்கள், கேமரா வேறு ஓடுகிறது. "இதைச் சோதனைக்கு எடுத்துத்தான் ஆகணும்" என்றார். பிறகு சுற்றிலும் பார்த்தார். "யார்கிட்டயாவது காலி பாட்டில் இருக்கா?"

மைதானமே திரும்பிக் கேட்டைப் பார்த்தது.

"கேட்டைத் திறங்க" என்றார் பெரிய டீச்சர். வாட்ச்மேன் அதற்கு முன்பே திறந்துவிட்டிருந்தார்.

அம்மா கையுறையை மாட்டிக்கொண்டே நடந்து வந்தாள். பையிலிருந்து மூடி போட்ட பாட்டிலை எடுத்து நிரப்பினாள். கழுத்தில் சிவப்புத் துணி கட்டினாள்.

"கையெழுத்துப் போட்டுச் சீல் வைங்க சார்" என்றாள். "இதுல செடி வளர்க்க முடியாது, பாத்துக்கோங்க."

அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மைதானத்தைப் பூட்டினார்கள். கம்பெனி வக்கீல் வைத்தது, சாக்குப்போக்குச் சொன்னது. அம்மா இன்னும் நிறையப் படி ஏறி இறங்கினாள். இப்போது பெரிய டீச்சரும் கூடப் போனார். கடைசியில் அதே லாரிகள் வந்தன. கொட்டியதையெல்லாம் கம்பெனியே தன் செலவில் அள்ளிக்கொண்டு போனது. போர்டையும்தான்.

எங்களுக்குப் பழைய பள்ளம் திரும்பக் கிடைத்தது. மழை பெய்தது. பள்ளம் குளமாகி, வற்றி, சேறானது.

"ஏய் குட்டி பாட்டில்! வர்றியா, ஓடலாம்?" என்று கூப்பிட்டாள் தட்டான். குதிகால் ஆறிவிட்டிருந்தது.

ஓடினோம். வழக்கம்போல அவள்தான் ஜெயித்தாள். மூச்சு வாங்க உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் நான் அவள் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

வெறும் சேறுதான்.