நீலப் புத்தகம் எங்கே?

பள்ளியிலிருந்து வந்த பெய் ஷான், ஆகோங்கின் நாற்காலியில் ஒரு நீலப் புத்தகம் கிடப்பதைப் பார்த்தாள். தாத்தாவை அவள் ஆகோங் என்றுதான் கூப்பிடுவாள். சும்மா புரட்டினாள்.

‘உங்கள் இதயம் நின்றுவிட்டால் டாக்டர்கள் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?’

ஆகோங் இன்று காலைகூடக் கோப்பிக்கடையில் இரண்டு தட்டு ரொட்டி சாப்பிட்டாரே! சிறுநீரகம் கொஞ்சம் மக்கர் செய்கிறது, அவ்வளவுதான் என்றுதானே அப்பா சொன்னார்?

புத்தகத்தோடு சமையலறைக்கு ஓடினாள். அங்கே அப்பாவின் தங்கை மீன் வறுத்துக்கொண்டிருந்தார். அவர் பெய் ஷானுக்குக் கூகூ.

“கூகூ, ஆகோங்கோட இதயம் நிக்கப் போகுதா?”

“ச்சோய்! ச்சோய்! வீட்டுல பேசுற பேச்சா இது?” கெட்ட பேச்சு பலிக்காமல் விரட்டச் சொல்வது ‘ச்சோய்’. கூகூ அடுப்பை அணைத்தார். புத்தகத்தைப் பிடுங்கினார். அரிசி டப்பாவைத் திறந்து, அடியில் புதைத்துவிட்டார். “அப்படி ஒரு புத்தகமே கிடையாது. ஆகோங்கிட்ட மூச்சு விடாதே.”

“கிடையாதுன்னா, அரிசிக்குள்ள எதுக்கு...”

“பெய் ஷான்! போய்க் கை கழுவு!”

கை கழுவினாள். குழப்பம் மட்டும் போகவில்லை. நல்ல புத்தகம் என்றால் ஏன் ஒளிக்க வேண்டும்? கெட்ட புத்தகம் என்றால் ஆகோங் ஏன் வைத்திருந்தார்?

மறுநாள் ஆகோங் மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். அதற்கு மறுநாள் செருப்பு அலமாரியைக் கலைத்தார். வெள்ளிக்கிழமை குளிர்பெட்டியைத் திறந்து, முட்டைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“என்ன தேடுறீங்க, ஆகோங்?”

“ஒரு நீலப் புத்தகம். நாளைக்கு அதப் பத்திப் பேச ஆஸ்பத்திரியிலேர்ந்து தாதி வர்றாங்க. எங்க வெச்சேன்னே தெரியல.” அவர் மெல்ல உட்கார்ந்தார். “சிறுநீரகம் போச்சு. இப்ப மூளையும் போக ஆரம்பிச்சிடுச்சு போல.”

அவர் சிரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

சொல்லிவிடலாமா? சொன்னால் கூகூ மாட்டிக்கொள்வார். சொல்லாவிட்டால் ஆகோங் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார். எது சரி? நகத்தைக் கடித்தபடி இரண்டு முறை வரவேற்பறையைச் சுற்றினாள். பிறகு நேராகக் கூகூவிடம் போனாள்.

“கூகூ, நான் ஆகோங்கிட்ட எதுவும் சொல்லல. ஆனா அவங்க மூளை போயிடுச்சுன்னு நினைக்கிறாங்க. முட்டைக்குப் பின்னாடியெல்லாம் தேடுறாங்க. நீங்களே எடுத்துக் குடுத்துடுங்களேன்.”

துணி மடித்துக்கொண்டிருந்த கூகூவின் கை நின்றது. திட்டு விழப்போகிறது என்று பெய் ஷான் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். திட்டு விழவில்லை.

“உங்க ஆமா, என் அம்மா, ஆஸ்பத்திரியில இருந்தப்ப அவங்களால பேச முடியல,” என்றார் கூகூ. ஆமா என்றால் பாட்டி. “‘உங்க அம்மா என்ன விரும்புவாங்க?’ன்னு டாக்டர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியல. ஏதோ ஒண்ணு சொன்னேன். பன்னிரண்டு வருஷம் ஆச்சு. அது சரியா தப்பான்னு இன்னும் தெரியல. அந்தப் புத்தகத்தப் பார்த்தாலே பயமா இருக்கு.”

பெய் ஷானுக்கு எல்லாம் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது.

“ஆமாகிட்ட முன்னாடியே யாரும் கேக்கல. அதனாலதானே உங்களுக்குத் தெரியாமப் போச்சு? ஆகோங்தான் இப்ப நல்லாப் பேசுறாங்களே, கூகூ. கேட்டுடலாமே!”

கூகூ அவளையே பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். எழுந்து போய், அரிசி டப்பாவுக்குள் கையை விட்டார்.

“அரிசிக்குள்ளயா?” கூகூ நீட்டிய புத்தகத்தை வாங்கி ஆகோங் தட்டினார். நாலைந்து அரிசி அவர் மடியில் உதிர்ந்தது. “நல்லவேளை, சமைச்சுடாம விட்டியே!”

“மன்னிச்சுடுங்க அப்பா.”

“மூளை என்கிட்டதான் இருக்குன்னு தெரிஞ்சுதே, அது போதும்.”

பெய் ஷான் அவர் பக்கத்தில் போய் நின்றாள். “ஆகோங், நீங்க செத்துப் போகப் போறீங்களா?”

கூகூவின் வாயிலிருந்து ‘ச்சோ’ வரை வந்து, நின்றுவிட்டது.

“இன்னைக்கு இல்ல. நாளைக்கும் இல்லன்னு நினைக்கிறேன்,” என்றார் ஆகோங். “ஆனா ஒரு நாள் எனக்குப் பேச முடியாமப் போகலாம். அப்ப என் மனசுல இருக்கிறத யாராவது டாக்டர்கிட்ட சொல்லணும். அது யாருன்னு இதுல எழுதணும்.”

“அப்பாவா?”

“உங்கப்பா தனக்குத் தோணுறதச் சொல்லிடுவான்.” ஆகோங் கூகூவைப் பார்த்தார். “நீ சொல்லு.”

“நானா? நான் அழுதுடுவேன்பா!”

“அழுதுக்கிட்டே சொல்லு. நான் சொன்னதச் சொன்னாப் போதும்.”

கீழே பேருந்து ஒன்று நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. கூகூ கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு முக்காலியை ஆகோங்கின் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சரி, நாளைக்குத் தாதி வர்றதுக்குள்ள நானும் தெரிஞ்சுக்கிறேன். பெய் ஷான், முதல் கேள்வியப் படி.”

“‘உங்களுக்கு நல்ல நாள் என்பது எப்படி இருக்கும்?’”

ஆகோங் யோசித்தார். தலையைச் சொறிந்தார்.

“காலையில ஒரு கோப்பி. சாப்பாட்டுல உப்பு. பக்கத்துல சண்டை போட ரெண்டு பேர்.”

“உப்பு கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்ல!” என்றார் கூகூ.

“பாத்தியா, ஒருத்தி இப்பவே வந்தாச்சு,” என்றார் ஆகோங். “எழுதிக்கோ, பெய் ஷான்.”