ஐந்தாம் தீப்பெட்டி

ஃபாயிஸாவின் அத்தா தோஹாவிலிருந்து கேமரா கொண்டுவந்த நாளிலிருந்து தேவிபிரியாவுக்கு வயிற்றெரிச்சல். மருந்து சாப்பிட்டால் போகிற எரிச்சல் இல்லை அது.

அதற்கு முன்னால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இருவரும் அருப்புக்கோட்டையில் ஒரே பள்ளியில் ஏழாம் வகுப்பு. ஒரே பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கரம்மாள் டீச்சர் பறவை மன்றப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றித் திருச்சுழிப் பக்கம் ஒரு கண்மாய்க்குக் கூட்டிப்போவார். பார்த்த பறவைகளைத் தேவி பென்சிலால் வரைவாள். அவளுடைய அப்பா தறியில் சேலை நெய்பவர். இழை இழையாகப் பார்க்கிற கண் மகளுக்கும் வந்திருந்தது. ஒரு பனங்காடையை வரைந்தால் அதன் இறகுகளை எண்ணிவிடலாம். பள்ளி மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகை உண்டு. இரண்டு வருடமாக அதில் தேவியின் படங்கள்தான்.

இப்போது எல்லோரும் ஃபாயிஸாவைச் சுற்றி நின்றார்கள். கேமராவில் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். வளையத்தைத் திருகினால் கண்மாயின் அக்கரையில் நிற்கும் கொக்கு மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. பட்டனைப் பாதி அழுத்தினால் போதும். கேமரா தானாகவே தூரத்தைக் கணக்குப் பார்த்து, பறவை தெளிவாகத் தெரியும்படி லென்ஸை நகர்த்திக்கொள்ளும். “அதுக்குப் பேரு ஆட்டோஃபோகஸ்,” என்று ஃபாயிஸா சொன்னாள்.

தேவி தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள். அவள் வீட்டில் பேசுவது தெலுங்கு. ஃபாயிஸாவுக்கு அது புரியாது என்பது பல நேரங்களில் வசதியாக இருந்தது.

ஆனால் ஒரு விஷயம். ஃபாயிஸா எடுத்த படங்கள் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. கேமராவின் சின்னத் திரையில் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். பள்ளிக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் பறவை மட்டும் மழுங்கிப்போயிருக்கும். கண் எது, அலகு எது என்று தெரியாது. வகுப்பில் சௌந்தர் என்ற பையன், குருவிக்குக் கண்ணாடி போட்டுவிடலாமா என்று கேட்டான். லென்ஸ் கனமாக இருப்பதால் கை ஆடுகிறது போலிருக்கிறது என்றார் டீச்சர். ஃபாயிஸாவும் அதை நம்பினாள்.

அந்த மாதக் கடைசியில் திருச்சுழியில் அறிவியல் கண்காட்சி இருந்தது. அதில் வைக்க ஆட்காட்டிக் குருவியின் படம் ஒன்று வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். இதற்குள் ஃபாயிஸாவின் அம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மகளுக்குச் சரியாக எடுக்க வரவில்லை என்றால் வீட்டில் எதற்கு அந்தக் கேமரா? வீரசோழனில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் பெரியம்மா மகன் அசாருதீனிடம் கொடுத்தால் அவனுக்காவது உதவும். இதை ஃபாயிஸாவே ஒரு திங்கட்கிழமை தேவியிடம் சொன்னாள்.

அன்று மதியம் கம்ப்யூட்டரில் அந்தப் படங்களை டீச்சர் மறுபடி திறந்தார். தேவி பின்னால் நின்று பார்த்தாள். முதல் படத்தில் கௌதாரி ஒன்று. அது மழுங்கல். ஆனால் அதற்குப் பின்னால் இருந்த கருவேல முள் ஒவ்வொன்றும் ஊசிபோல் தெளிவாக இருந்தது. இரண்டாவது படத்தில் ஆட்காட்டி மழுங்கல். பின்னால் இரண்டு முழம் தள்ளிக் கிடந்த மண்கட்டி தெளிவு. மூன்றாவதும் அப்படித்தான். எட்டுப் படத்திலும் அப்படித்தான்.

கை ஆடினால் எல்லாமே அல்லவா மழுங்க வேண்டும்? முள் மட்டும் எப்படித் தெளிவாக வரும்? கேமரா ஒவ்வொரு தடவையும் பறவையை விட்டுவிட்டு அதற்குக் கொஞ்சம் பின்னால் பார்க்கிறது. ஃபாயிஸாவின் கையில் ஒரு குறையும் இல்லை.

தேவி சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து டீச்சர், “படம் வரலேன்னா தேவி வரைஞ்சதையே கண்காட்சிக்கு வச்சுருவோம்,” என்றார்.

தேவி வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு கண்மாய்க்குப் போனார்கள். தண்ணீர் வற்றி, கரையோரம் களிமண் வெடித்துக் கிடந்தது. ஓர் ஆட்காட்டி நெடுங்கால்களை எடுத்து வைத்து வைத்து நடந்தது. ஃபாயிஸா மூச்சை அடக்கிப் பத்துப் படம் எடுத்தாள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். பத்தும் மழுங்கல். பிறகு கழுத்திலிருந்து கேமரா வாரைக் கழற்றினாள்.

“ஏ தேவி, நீ எடுத்துப் பாரு. உன் கை ஆடாதுல்ல,” என்றாள்.

எத்தனை நாள் ஆசை! கேமரா கையில் கனத்தது. கண்ணை வைத்ததும் ஆட்காட்டியின் மஞ்சள் கால்கள் அவ்வளவு பக்கத்தில் வந்தன. என்ன செய்யவேண்டும் என்று தேவிக்குத் தெரிந்திருந்தது. கேமரா இரண்டு முழம் பின்னால் பார்க்கிறது என்றால், இரண்டு முழம் முன்னால் காட்டினால் சரியாகிவிடும். பறவைக்கு முன்னால் கிடந்த ஒரு மண்கட்டியைக் குறிபார்த்துப் பட்டனைப் பாதி அழுத்தினாள். விரலை எடுக்காதவரை கேமரா கணக்குப் பார்த்த தூரம் மாறாது. அப்படியே கேமராவை மெல்லப் பறவையின் பக்கம் திருப்பி, மீதியையும் அழுத்தினாள்.

படம் கண்ணாடிபோல் வந்திருந்தது. ஆட்காட்டியின் கண்ணைச் சுற்றியிருந்த சிவப்புத் தோல்கூட மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் தேவியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஃபாயிஸாவும் கைதட்டினாள். தட்டிவிட்டு, தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஃபாயிஸா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். “அசார் அண்ணனுக்கே குடுத்துரலாம்னு அத்தாகிட்ட சொல்லப் போறேன்,” என்றாள். “எனக்கு இது வராது.”

தேவி முன் சீட்டின் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அந்தப் படம் பலகைக்கு வந்தது. கீழே ‘படம்: தேவிபிரியா’ என்று டீச்சரின் அழகான கையெழுத்து. படம் லேசாகக் கோணியிருந்தது. அதைப் பார்த்து, குண்டூசியைப் பிடுங்கி நேராகக் குத்தி வைத்தவள் ஃபாயிஸாதான். ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் அன்று மதியம் தேவிக்குச் சோறு இறங்கவில்லை. புளிச்சாதம், அவளுக்கு மிகவும் பிடித்தது. முக்கால்வாசியை அப்படியே மூடி வைத்தாள்.

பள்ளி விட்டதும் ஃபாயிஸாவின் வீட்டுக்குப் போனாள். கேமரா அதன் அட்டைப் பெட்டிக்குள் போயிருந்தது. ஃபாயிஸா மேலே டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“உன் கை ஆடல, ஃபாயிஸா,” என்றாள் தேவி. “கேமராதான் தப்பாப் பாக்குது.”

முள், மண்கட்டி, எட்டுப் படம், தான் செய்த தந்திரம் எல்லாவற்றையும் சொன்னாள். ஃபாயிஸா டேப்பைப் பிடித்தபடியே கேட்டாள்.

“எப்ப இருந்து தெரியும்?”

“போன திங்கக்கிழமைல இருந்து.”

“பிறகு ஏன் சொல்லல?”

இப்போதுதான் புரிந்தது என்று சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். தேவி தரையைப் பார்த்தாள். “பொறாமையா இருந்துச்சு,” என்றாள்.

அடுப்படியில் குக்கர் மூன்று விசில் அடித்தது.

“ஒரு வாரமா நான் செம்புல தண்ணிய நெறச்சு, கைய நீட்டிக்கிட்டு நூறு எண்ணுறேன்,” என்றாள் கடைசியில். “கை ஆடக் கூடாதுன்னு. எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சோன்னு அம்மா பயந்துட்டாக.”

தேவிக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது. ஃபாயிஸா அவளைச் சமாதானப்படுத்தவும் இல்லை. டேப்பைக் கிழித்துக் கேமராவை வெளியே எடுத்தாள். “உன்மேல எனக்குக் கோவம்தான். அது தனியா இருக்கட்டும். மொதல்ல இதப் பாப்போம்.”

அசாருதீனுக்குப் போன் போட்டார்கள். சில கேமராவும் லென்ஸும் ஒன்றுக்கொன்று சரியாக ஒத்துப்போகாமல் இப்படிக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்பது உண்டு என்றான் அவன். அதைத் திருத்துவதற்குக் கேமராவுக்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறதாம். மெனுவில் ‘ஃபைன் டியூன்’ என்று தேடினால் கிடைக்குமாம். நடுவில் சைபர் இருக்கும். கழித்தல் பக்கம் நகர்த்தினால் கேமரா கொஞ்சம் முன்னால் பார்க்கும், கூட்டல் பக்கம் நகர்த்தினால் பின்னால் பார்க்கும். எத்தனை நகர்த்த வேண்டும் என்று சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், சும்மா கண்டபடி திருகி வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

சோதிப்பது எப்படி? தேவி யோசித்தாள். அடுப்படியிலிருந்து ஏழு தீப்பெட்டிகளை எடுத்துவந்து ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் ஓர் எண் எழுதினாள். மொட்டைமாடியில் அவற்றைச் சாய்வரிசையாக நிறுத்தினாள். ஒன்று முன்னால், அதற்கு ஒரு சாண் பின்னால் இரண்டு, அதற்கும் ஒரு சாண் பின்னால் மூன்று என்று ஏழு வரை. ஒரு வாளியைக் கவிழ்த்துத் தலையணை போட்டுக் கேமராவை அதன்மேல் வைத்தார்கள். நடுவில் இருந்த நான்காம் பெட்டியைக் குறிபார்த்துத் தேவி எடுத்தாள்.

நான்காம் பெட்டி தெளிவாகவே இருந்தது. ஒரு கோளாறும் இல்லை. தேவியின் முகம் வாடிவிட்டது.

“நாம பறவைய இவ்வளவு பக்கத்துல வச்சா எடுக்குறோம்?” என்றாள் ஃபாயிஸா. வாளியையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு மாடியின் மறுகோடிக்குப் போனாள். லென்ஸை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவும் நீட்டினாள். கண்மாயில் அப்படித்தான் எப்போதும் எடுப்பாள். மறுபடி நான்காம் பெட்டியைக் குறிபார்த்தாள்.

இந்தத் தடவை நான்கு மழுங்கியிருந்தது. ஐந்தாம் பெட்டியில் ஸ்கெட்ச் பேனாவின் கோடுகூடப் பளிச்சென்று தெரிந்தது.

“பாத்தியா,” என்று தேவி மெதுவாகச் சொன்னாள். “இங்க ஒரு சாண் தள்ளிப் பாக்குது. கண்மாயில தூரம் ஜாஸ்தி, அதான் ரெண்டு முழம்.”

பிறகு வேலை ஓடியது. கழித்தல் மூன்று வைத்து எடுத்தார்கள். நான்கும் ஐந்தும் அரைகுறை. கழித்தல் ஆறில் நான்கு கொஞ்சம் தெளிந்தது. கழித்தல் பன்னிரண்டில் மூன்றாம் பெட்டி தெளிவாகிவிட்டது. அது ரொம்ப அதிகம். பத்து, ஒன்பது என்று இறங்கிவந்தார்கள். எட்டில் நான்காம் பெட்டி தெளிவாக வந்தது. ஒரு தடவையை நம்பக் கூடாது என்று ஃபாயிஸா ஐந்து தடவை எடுத்தாள். ஐந்திலும் நான்குதான். இதற்குள் கீழேயிருந்து அவள் அம்மா, ஒரு தீப்பெட்டியையும் காணோமே, டீ போடவா வேண்டாமா என்று சத்தம் கொடுத்தார்.

மறுநாள் தேவி தானாகவே போய் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். படம் நல்ல படம்தான், யார் பெயரைப் போடுவது என்று நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்துவிட்டு வாருங்கள் என்றார் டீச்சர். ஃபாயிஸா யாருடைய பெயரும் வேண்டாம் என்றாள். ‘ஆட்காட்டி’ என்று மட்டும் எழுதினால் போதும், கண்மாயில் நடந்து காட்டியது அதுதானே என்றாள்.

அடுத்த ஞாயிறு கேமராப் பையைத் தேவி சுமந்தாள். அது ஃபாயிஸா கொடுத்த தண்டனை. மூன்று வாரத்துக்கு அவள்தான் சுமக்க வேண்டும்.

கண்மாய்க் கரையில் ஒரு கருவேலங்கிளை நுனியில் பஞ்சுருட்டான் ஒன்று வந்து உட்கார்ந்தது. பச்சை உடம்பு, ஊசி வால், வாயில் ஒரு தட்டான். ஃபாயிஸா லென்ஸை நீட்டினாள். எந்தத் தந்திரமும் செய்யவில்லை. நேராகப் பறவையின் கண்ணைக் குறிபார்த்து அழுத்தினாள்.

திரையில் பெரிதாக்கியபோது இருவரின் தலைகளும் முட்டிக்கொண்டன. தட்டானின் இறக்கையில் ஓடிய நரம்புகூடத் தெரிந்தது. ஃபாயிஸா படத்தை மேலும் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

தேவிக்கு உள்ளே எங்கோ சுருக்கென்றது. அவள் வரைந்திருந்தால்கூட அந்த நரம்பு இவ்வளவு மெல்லிதாக வந்திருக்காது. இந்தத் தடவை அவள் தெலுங்கில் முணுமுணுக்கவில்லை.

“எனக்கு இன்னும் பொறாமையாத்தான் இருக்கு,” என்றாள். “அடுத்தது நான் எடுக்கட்டா?”

“நான் பத்து எடுத்த பிறகு,” என்றாள் ஃபாயிஸா, கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே.

தேவி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எண்ணத் தொடங்கினாள். பஞ்சுருட்டான் பறந்து ஒரு வட்டமடித்துவிட்டு மறுபடி அதே கிளைக்கு வந்தது. நான்கு, ஐந்து, ஆறு. தட்டான் உள்ளே போய்விட்டது. ஏழு, எட்டு.

ஒன்பதாவது படத்தை எடுத்ததும் ஃபாயிஸா கழுத்திலிருந்து வாரைக் கழற்றி, “சீக்கிரம் பிடி, பறந்துரப் போகுது,” என்று கேமராவை நீட்டினாள்.